கந்தப்பளையில் எண்பத்தேழு

வியாழக்கிழமை, பிற்பகல் 1.40. ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தி நானுஓயாவுக்கு வந்தது. விடியுமுன் கொழும்பு கோட்டையில் ஏறியபோது வேர்த்த உடம்பு, இறங்கும்போது நடுங்கியது. மேடைக்கு வெளியே நின்ற ஓட்டோக்காரர் கந்தப்பளைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டார். என்னைக் கூட்டிப்போக ஆள் வரும் என்றேன். அவர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "அப்ப பாரத்த எறக்கி வச்சுட்டு நில்லுங்க சார்" என்றார். நான் இறக்கவில்லை. பையில் இருந்தது, துவாயில் சுற்றிய என் கம்ப்ரஷன் டெஸ்டர்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கைக்கடங்கிய வட்ட மானி, அதிலிருந்து ஒரு சாண் ரப்பர் குழாய், நுனியில் மரை, அவ்வளவுதான். காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இதை முறுக்கிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டால், உள்ளே காற்று எவ்வளவு இறுக்கமாக அழுத்தப்படுகிறது என்று முள் காட்டும். சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று கணக்கு. இன்ஜின் தேய்ந்திருந்தால் காற்று ஒழுகும், முள் ஏறாது. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய வோக்ஸ்வாகன் ஆமைக் கார் நிற்கிறது. இந்தக் கருவியை வாங்கிய நாளிலிருந்து, ஆமைக் கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் நான்தான் வைத்தியர் என்ற நினைப்பு எனக்கு. மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

என்னை மலைக்கு அனுப்பியவன் சுரேஷ். கொழும்பில் நான் உதிரிப்பாகம் வாங்கும் கடையில் வேலை, வீடு நீர்கொழும்பில். அவன் மனைவி கவிதாவுக்கு ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் முதல் பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தாய்வீடு கந்தப்பளை. அவளுடைய அப்பா, தன் சொந்தக் காரில்தான் மகளை மலை ஏற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"அந்தக் காருக்கு என் அப்பாவோட வயசு சார்" என்றான் சுரேஷ். "நான் வேன் புடிப்போம்னா மாமா கேக்க மாட்டாரு. உங்க மெஷின் சொன்னா கேப்பாரு. நல்லா இருக்குன்னு வந்தா எனக்கும் சந்தோசம். இல்லாட்டி உண்மையச் சொல்லிருங்க."

2.05க்கு அந்தக் கார் வந்தது, அதுவும் ஆமைக் கார்தான். சாம்பல் நிறம், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. ஓட்டி வந்த கருப்பையாவுக்கு அறுபத்தாறு வயது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். தோட்டத்து பங்களாவின் பின்னால் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த காரை வாங்கி, நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து ஓட வைத்தவர். அது நடந்து பத்தொன்பது வருடம். இதுவரை அட்டனுக்குக் கீழே அதைக் கொண்டுபோனதில்லை.

நுவரெலியா ஏற்றத்தில் எங்களை ஒரு மரக்கறி லொறி முந்திக்கொண்டு போனது. "லேசா மூச்சு வாங்கும் சார்" என்றார் கருப்பையா, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பிள்ளையின் குறையைச் சொல்வதுபோல. "ஆனா நின்னு போகாது." நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் வைத்தியர் ஏற்கெனவே மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

மாலை 4.10, கந்தப்பளை. உடப்புசல்லாவை வீதியிலிருந்து இறங்கும் கொங்கிரீட் பாதையில், ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய சிறிய வீடு. கருப்பையாவின் மனைவி ராசம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். தேநீர் தந்த கையோடு, "எங்க நிக்கணும், என்ன புடிக்கணும், சொல்லுங்க தம்பி" என்று பாவாடையைச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இன்ஜின் இருக்கும் பின்பக்க மூடியைத் தூக்கி, தீப்பொறி போகாதபடி கொயில் வயரைக் கழற்றினேன். நான்கு பிளக்குகளையும் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தேன். கருப்பையா ஓட்டுநர் இருக்கையில், அக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜின் ஆறு முறை மூச்சிழுக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த எண்ணிக்கையை ராசம்மா எடுத்துக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் தராசடியில் கிலோ சொல்வதைப் போலக் கணீரென்று, "ஒண்ணு… ரெண்டு…" என்று எண்ணி, ஆறில் கையை உயர்த்துவார். நான் முள்ளைப் பார்த்துச் சொல்வேன். அவரே பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்.

எண்பத்தேழு. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. எண்பத்தேழு.

என் கைப்புத்தகத்தில் நல்ல இன்ஜினுக்கு நூற்றுக்கு மேல் இருக்கவேண்டும். தொண்ணூற்றுக்குக் கீழே என்றால் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் பார்த்தேன். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து முள் எகிறும். எகிறவில்லை, இரண்டோ மூன்றோதான் கூடியது. அப்படியென்றால் வளையங்களில் குற்றமில்லை, வால்வுகளில்தான் என்று முடிவு கட்டினேன். நான்கு சிலிண்டரின் வால்வுகளும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவுக்குத் தேயுமா என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தூர இடத்திலிருந்து வந்த நிபுணருக்குச் சந்தேகம் வந்தால் மரியாதை குறையும் அல்லவா.

"அண்ணை, உண்மையைச் சொல்லுறன்" என்றேன். "இன்ஜின் தளர்ந்துபோச்சு. பிரிச்சுத்தான் பார்க்கவேணும். இதிலை பிள்ளைத்தாச்சிப் பிள்ளையை மலை ஏத்திறது சரியில்லை."

கருப்பையா கைகளைத் துணியில் துடைத்தார்; துடைத்த விரல்களையே திரும்பத் துடைத்தார். "நீங்க சொன்னா சரிங்க சார். பிரிக்கிறதுக்கு சாமான் எங்க கெடைக்கும், எப்ப முடியும். எம்மகள நம்பி ஏத்த முடியாத வண்டி என் வாசல்ல எதுக்குங்க நிக்கணும்?"

கினிகத்தேனையில் பழைய கார்களைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் பந்துல முதலாளி என்பவர் இரண்டு வருடமாக இந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கதவும் மட்கார்டும் அவருக்கு வேண்டும். கருப்பையா அங்கேயே நின்று அவருக்குப் போன் எடுத்து, சிங்களத்தில் நான்கு வசனம் பேசி முடித்துவிட்டார். நாளைக் காலை எப்படியும் நீர்கொழும்புக்குப் புறப்படவேண்டும். காரிலேயே கினிகத்தேனை வரை போய், அங்கே அதைக் கொடுத்துவிட்டு, மிச்சத் தூரம் பஸ்ஸில். என்னையும் அதுவரை ஏற்றிப்போவார்கள். கவிதாவுக்கு மட்டும் இப்போது சொல்லவேண்டாம், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

ராசம்மா கலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த முள்ளு தப்பா காட்டாதுங்களா தம்பி?"

"மெஷின் பொய் சொல்லாது அக்கா" என்றேன். எழுதும்போதே காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை, காலை 6.20. கருப்பையா காரைக் கழுவித் துடைத்திருந்தார். உதிரிப்பாகத்துக்குப் போகும் காரை யாராவது கழுவுவார்களா என்று மனைவி கேட்டதற்கு, "அழுக்கா அனுப்பச் சொல்றியா?" என்றார். பின் இருக்கையில் என் பக்கத்தில் பட்டுச்சேலைப் பெட்டி, பலகாரத் தகரம், ஒரு பலாப்பழம். கண்ணாடி வளையல் பெட்டியை ராசம்மா மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பெரட்டில் அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். காரை அடையாளம் கண்டு இரண்டு இடத்தில் கையசைத்தார்கள். "மகள கூட்டியாரப் போறீங்களாக்கா?" என்று ஒருத்தி மேலிருந்து கூவினாள். ராசம்மா கையை மட்டும் ஆட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அந்த இருக்கையில் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை.

நுவரெலியா, நானுஓயா, ரதல்ல, லிந்துலை என்று பாதை சுற்றிச் சுற்றி இறங்கியது. காது இரண்டு தடவை அடைத்துத் திறந்தது. 8.15க்குத் தலவாக்கலை, புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். பாண், பருப்புக் கறி, சம்பல், பிளேன்டீ. மூன்று பேருக்கும் சேர்த்து எழுநூற்று எண்பது ரூபாய். நான்தான் கொடுத்தேன், அந்த அளவுக்காவது.

ராசம்மா பாணைப் பருப்பில் தோய்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்னத்துக்கு இப்படிக் கொழைய விட்டிருக்காங்க?"

"கீழ எறங்கிட்டா அப்படித்தான்" என்றார் கருப்பையா.

"ஆமா தம்பி" என்று என்னிடம் திரும்பினார் ராசம்மா. "நம்ம கந்தப்பளையில பருப்பு லேசுல வேகாதுங்க. அடுப்புலயே கெடக்கும். நாலு மாசத்துக்கு முன்ன மக வீட்டுக்குப் போனேன். நம்ம வீட்டு நேரத்துக்கே வச்சேன், தொறந்து பாத்தா களி. மருமகன் பாயாசமான்னு கேட்டாரு."

நான் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மலையில் பருப்பு ஏன் வேகாது? அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் போதிய சூடேறுமுன்பே கொதித்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பருப்புச் சட்டிக்கு மேலே குறைவாக இருக்கும் அதே காற்றைத்தானே அந்த இன்ஜினும் இழுக்கிறது? உள்ளே போகும் காற்றே மெல்லிசு என்றால், எவ்வளவு நல்ல இன்ஜினும் அழுத்துவதற்கு என்ன இருக்கிறது? என் கைப்புத்தகத்தின் நூறு, கடல் மட்டத்தில் நிற்கும் காருக்கான நூறு. நான் இதுவரை அளந்த கார் எல்லாம் வெள்ளவத்தை, தெகிவளை, மொறட்டுவை. எல்லாமே கடற்கரையோரம். ஆறாயிரம் அடிக்கு மேலே வந்து நின்று, கடற்கரைக் கணக்கை வாசித்துவிட்டு ஒருவருடைய காரைப் பிணமாக்கியிருக்கிறேன்.

"அண்ணை, எழும்புங்கோ" என்றேன். "நான் பிழை விட்டிட்டன். காரைத் திறவுங்கோ."

8.40, கடை வாசல். கை கழுவ மறந்து பிளக்கைக் கழற்றினேன். ராசம்மா எண்ண, கருப்பையா மிதிக்க, சுற்றிவர நின்ற ஓட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க, முள் ஏறியது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. ஒரு இரவில் எந்த இன்ஜினும் தானாகக் குணமாவதில்லை. மாறியது இடம் மட்டும்தான்.

தெரிந்தவரை விளங்கப்படுத்தினேன். முதலில் பிடித்துக்கொண்டவர் ராசம்மா. "மழை நாள்ல கொழுந்து நெறுத்தா, தண்ணிக்குன்னு எங்ககிட்ட கிலோ கழிப்பாங்க. முப்பத்தோரு வருசம் கழிச்சாங்க. இதுல அப்படியே தலகீழா, காத்துக்குன்னு நீங்க கூட்டிக் குடுக்கணும். நேத்து கூட்டாம விட்டுட்டீங்க. அம்புட்டுத்தானே?"

"அவ்வளவுதான் அக்கா."

கருப்பையா நம்பவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார். "நேத்திக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு எங்க மொகத்தப் பாத்துட்டு மனசு கேக்காம ஒண்ணு சொல்றீங்க. நல்ல மனசுதான் சார். ஆனா ஏறப் போறது எம்புள்ள, அது வயித்துல இன்னொண்ணு. அதோட, முதலாளிகிட்ட வார்த்தை குடுத்துட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நேற்று அவ்வளவு அடித்துச் சொன்னவனை இன்று எதற்காக நம்பவேண்டும்? "சரி அண்ணை. கினிகத்தேனை இன்னும் கீழ. அங்கை நீங்களே மெஷினைப் பிடியுங்கோ, நீங்களே முள்ளைப் பாருங்கோ. ஏறாட்டிக் காரைக் குடுங்கோ. நான் வாய் திறக்கேல்ல."

கொட்டகலை, அட்டன், வட்டவளை. அட்டனைத் தாண்டியதும் கார் இதுவரை போயிராத பாதையில் இறங்கியது. தேயிலைக்கு நடுவே கமுகும் வாழையும் தலைகாட்டின. நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி, ஒவ்வொரு வளைவிலும் மனதுக்குள் உயரத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வயதுக்குப் பிறகு பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. வட்டவளைக்குப் பிறகு ஒரு சிறிய ஏற்றம் வந்தது. கார் அதை மூச்சு வாங்காமல் ஏறியது. கருப்பையா தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பின்னால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

முற்பகல் 10.50, கினிகத்தேனை. பந்துல முதலாளி கடை வாசலிலேயே நின்றார். சாரமும் பனியனும், காதில் ஒரு பென்சில். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். கருப்பையா அவரிடம், கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ராசம்மா காரை விட்டு இறங்கவில்லை. வளையல் பெட்டியோடு ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து, "நான் மிதிக்கிறேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை அக்சிலரேட்டரில் வைத்தார். சாவியைத் திருப்ப மட்டும் நான் ஜன்னல் வழியே கையை நீட்டினேன்.

டெஸ்டர் கருப்பையாவின் கையில். மரையை அவரே முறுக்கினார், எண்ணிக்கையையும் அவரே சொன்னார். ஆறு. குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முதலாளியும் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நூத்தி ரெண்டு" என்றார் முதலாளி, தமிழிலேயே.

இரண்டாவது நூற்றொன்று. மூன்றாவது நூற்று மூன்று. நான்காவதைப் பார்த்த கருப்பையா, டெஸ்டரைக் கழற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், நூற்றிரண்டு. அவருடைய தாடை அசைந்துகொண்டிருந்தது.

முதலாளி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி செருகினார். "கருப்பையா, இது நான் கழட்டுற காரு இல்ல. ஓடுற காரு. ஓடுற காருக்கு விலை வேற. நான் கூடத் தர்றேன், குடுக்கிறதா?"

அந்த நேரம் பார்த்துக் கருப்பையாவின் போன் அடித்தது. கவிதா. சட்டைப்பையிலிருந்து எடுத்து, எண்ணெய்க் கையால் தடவி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "அப்பா, எங்க வர்றீங்க? கார் நல்லா ஓடுதா? சூடாகலையே? அம்மாவ முன்னால ஒக்கார வைங்க, பின்னால ஒக்காந்தா தல சுத்தும்."

கருப்பையா முதலாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஓடுதும்மா" என்றார். "நல்லா ஓடுது. கினிகத்தேனை வந்துட்டோம். அம்மா முன்னாலதான் இருக்கு."

போனை வைத்துவிட்டு முதலாளிக்கு முன்னால் கையைக் கூப்பி, "வார்த்தை தவறுறேன், மன்னிச்சிருங்க முதலாளி" என்றார். பந்துல முதலாளி விறுவிறென்று கடைக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஃபேன் பெல்ட் இருந்தது. தண்ணீரில்லாத இந்த இன்ஜினுக்குக் காற்று வீசும் விசிறி ஒரே ஒரு பெல்ட்டில்தான் ஓடுகிறது. அது அறுந்தால் ஏற்றத்தில் இன்ஜின் வெந்துவிடும்.

"மகளோட மலை ஏறுறப்ப கையில ஒண்ணு இருக்கணும்" என்றார். "வர்றப்ப இங்க நிப்பாட்டுங்க. இன்ஜின் ஆறட்டும். புள்ளையும் ஒரு டீ குடிக்கட்டும்."

விலை கேட்டதற்கு, கையை வீசிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

பிற்பகல் 1.05, அவிசாவளை. கித்துல்கலை வளைவுகளில் கருப்பையா மெதுவாகவே வந்தார். அது பயமில்லை, அனுபவிப்பு. வெயில் கொளுத்தியது. ராசம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யார் முதல் வளையல் போடுவது என்று புருஷனிடம் வாதாடிக்கொண்டு வந்தார். இங்கே நான் இறங்கிக் கொழும்பு பஸ் எடுக்கவேண்டும். அவர்கள் வடக்கே திரும்பி நீர்கொழும்புக்குப் போகவேண்டும்.

பையைத் தோளில் மாட்டியபோது எனக்கு ஆசை விடவில்லை. அவிசாவளை கிட்டத்தட்டக் கடல் மட்டம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கிறது. இங்கே முள் நூற்றுப் பத்தைத் தொடும் என்று எனக்கு நிச்சயம். கந்தப்பளை, தலவாக்கலை, கினிகத்தேனை, அவிசாவளை என்று நான்கு வரிசை எண்கள் என் குறிப்பேட்டில் இருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும். "அண்ணை, பதினைஞ்சு நிமிஷம்" என்றேன். "கடைசியா ஒருக்கா பார்ப்பம்."

கருப்பையா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு நாளில் முதல் தடவையாக என்னைச் சார் என்று சொல்லாமல் பேசினார்.

"போதும் தம்பி. புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

கார் சந்தியில் திரும்பி, பஸ்களுக்கு நடுவே சின்னதாகி மறைந்தது. கொழும்பு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளவத்தையில் என் கார் எண்பத்தேழு காட்டினால் நான் தூங்கமாட்டேன். கந்தப்பளையில் எண்பத்தேழு காட்டுகிற காரை நம்பி ஒரு மகளை ஏற்றலாம். அதை எனக்குச் சொல்லித்தர ஒரு பருப்புச் சட்டி தேவைப்பட்டது. குறிப்பேட்டை எடுத்து அவிசாவளை என்று எழுதினேன். அதற்கு எதிரே எண் போடும் இடத்தில், நிற்க நேரமில்லை என்று எழுதினேன்.